குடும்பத்தோடு பார்க்கலாமா?

“குடும்பத்தோட பாக்கலாமா?”

எந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் என் அத்தை கேட்கும் முதல் கேள்வி இதுதான். கதை என்ன, யார் நடித்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பொருள் இருப்பது உங்களுக்கும் தெரியும். முத்தக் காட்சி இருக்கிறதா? கெட்ட வார்த்தை பேசுகிறார்களா? கத்தி, இரத்தம் அதிகமா? இந்த மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்துவிட்டால் அது குடும்பப் படம். பாட்டி முதல் பேரன் வரை பாயை விரித்து உட்கார்ந்துவிடலாம்.

2025ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான் சுங்கை சிப்புட்டிற்குப் புறப்பட்டபோதும் அதே கேள்வி தொலைபேசியில் வந்தது. பாட்டி வீட்டில் எல்லாரும் கூடப் போகிறோம், குட்டிக்குப் பொழுது போக ஒரு நல்ல படம் சொல் என்றார் அத்தை. குட்டி என்பது அவருடைய மகன். வயது ஒன்பது. நானும் சற்றும் யோசிக்காமல், “ரோபோ படம் ஒண்ணு இருக்கு அத்தை. கார்ட்டூன்தான். சிரிச்சிக்கிட்டே இருக்கலாம். தாராளமா குடும்பத்தோட பாக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது நான்தான். பழியும் என்னுடையதுதான்!

நான் சொன்ன படத்தின் பெயர் ‘தி வைல்ட் ரோபோட்’. 2024இல் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட அசைவூட்டப் படம். பீட்டர் பிரவுன் 2016இல் எழுதிய சிறுவர் நாவலைத் தழுவி, கிறிஸ் சாண்டர்ஸ் எழுதி இயக்கியது. விடுதியில் தோழிகளோடு மடிக்கணினியில் பார்த்தேன். நான்கு பேர், ஒரு சுருள் தாள் கைக்குட்டை. அது தீர்ந்துதான் போனது. ஆனால் அதே படத்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பதும் உண்மை. எது நினைவில் நின்றதோ அதைத்தான் அத்தையிடம் சொன்னேன். அழுததைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புயலில் சரக்குக் கப்பல் கவிழ்கிறது. ஓர் இயந்திரம் மனிதர் இல்லாத தீவில் ஒதுங்குகிறது. அதன் பெயர் ரோஸ். வீட்டு வேலை செய்வதற்காக உருவாக்கப்பட்டது. ஆனால், தீவில் வீடும் இல்லை, வேலை கொடுப்பாரும் இல்லை. என்ன செய்யட்டும் என்று ஒவ்வொரு விலங்கிடமும் கேட்டு அலைகிறது. எல்லாம் அதைக் கண்டு ஓடுகின்றன. சில அடிக்க வருகின்றன. கரடிக்குப் பயந்து ஓடும்போது ரோஸ் உருண்டு விழுகிறது. விழுந்த இடம் ஒரு காட்டு வாத்தின் கூடு. தாய் வாத்து இறந்துவிடுகிறது, முட்டைகள் நொறுங்கிவிடுகின்றன. ஒரே ஒரு முட்டை மிஞ்சுகிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சு முதலில் பார்ப்பது ரோஸைத்தான். அதையே தாய் என்று பின்தொடர்கிறது.

இது கதாசிரியரின் கற்பனை மட்டுமன்று. கண் திறந்ததும் முதலில் அசைவதைக் காணும் பொருளையே வாத்துக் குஞ்சுகள் தாயாகப் பின்தொடரும் என்பதைக் கொன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். குஞ்சுக்கு யார் முட்டையிட்டார்கள் என்பது தெரியாது. யார் எதிரில் நின்றார்கள் என்பதுதான் தெரியும்.

இனி, அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கும் மாமாவுக்கும் திருமணமாகிப் பல ஆண்டுகள் குழந்தை இல்லை. குட்டி பிறந்து பத்தாவது நாளில் அவர்கள் கைக்கு வந்தவன். 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்று, புதிய பிறப்புப் பத்திரத்தில் அத்தை, மாமா பெயர்களே ஏறிவிட்டன. மாமாவைப் போலவே மாநிறம்; சுருட்டை முடி. “அப்பன உரிச்சு வச்சிருக்கான்” என்று ஊரார் சொல்லும்போதெல்லாம் அத்தை தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். குட்டிக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம்.

அப்படியானால் எனக்கு அது ஏன் நினைவுக்கு வரவில்லை? பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவன் எனக்குத் தம்பி, அவ்வளவுதான். தத்துப்பிள்ளை என்ற எண்ணமே மனத்தில் இல்லை. அது பெருமைப்பட வேண்டிய மறதியா, வெட்கப்பட வேண்டிய மறதியா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள். மதியம் மீதமிருந்த ஆட்டிறைச்சிக் குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டு முடித்தோம். கூடத்தில் பாய் விரித்து, முறுக்குத் தோம்பை நடுவில் வைத்துப் படத்தைப் போட்டோம். பாட்டிக்கு மட்டும் பிரம்பு நாற்காலி.

முதல் அரை மணி நேரம் ஒரே கொண்டாட்டம்தான். படத்தில் ஒரு தாய்ப் பெருச்சாளி போன்ற விலங்கு வரும். தனக்கு ஏழு பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஏதோ ஒரு சத்தம். உடனே சற்றும் அலட்டிக்கொள்ளாமல் ‘ஆறு’ என்று திருத்திக்கொள்ளும். போன பிள்ளை உயிரோடு திரும்பியதும் மறுபடியும் ஏழு! பாட்டிக்கு ஆங்கிலம் புரியாது. நான் தமிழில் சொன்னேன். “ஆமாமா, நாங்களும் அப்படித்தான் எண்ணுவோம். எட்டுப் பெத்தா நாலு நிக்கும்” என்று சொல்லிப் பாட்டி பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் பாட்டி சொன்னது என்னவென்று எனக்கு உறைத்தது.

இந்தப் படத்தின் வழியே அதுதான். சாவைப் பற்றிப் பேசும்; ஆனால் சிரிக்க வைத்துவிடும். சிரித்து வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கசப்பு மருந்தை உள்ளே ஊற்றிவிடும்.

கூடு நசுங்கிய காட்சியிலேயே அத்தை என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தார். நான் கவனிக்காததுபோல் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு குஞ்சு வளர்கிறது. மற்ற வாத்துகளோடு சேரப் போகிறது. அவை அதைக் கேலி செய்கின்றன. அதன் குடும்பத்தைக் கொன்றது அந்த இயந்திரம்தான் என்ற உண்மை அதற்குத் தெரிய வருகிறது. ஓடிவந்து, ‘நீ என் தாய் இல்லை’ என்ற கோபத்தோடு ரோஸின் முன் நிற்கிறது.

திரை கறுத்தது. தொலைக்காட்சியின் விசை அத்தையின் கையில் இருந்தது.

“போதும் போதும். கண்ணு கெட்டுப் போயிடும். எழுந்து போயி வெளையாடு.”

“மா! பாதிதான் ஆச்சு!”

“சொன்னா கேக்கணும்.”

குட்டி எதிர்த்துப் பேசவில்லை. அணைந்துபோன திரையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான். அவன் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அடுப்படியில் எனக்கு அருச்சனை நடந்தது. “நீதானே சொன்ன, குடும்பத்தோட பாக்கலாம்னு? படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாது?” என்றார் அத்தை. குரலைத் தாழ்த்தித்தான் திட்டினார். குரலைத் தாழ்த்தித் திட்டுவதில்தான் சூடு அதிகம். மன்னித்துவிடுங்கள் என்றேன். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “எப்பவாவது சொல்லத்தானே வேணும் அத்தை?” என்று கேட்டுவிட்டேன்.

அத்தை பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினார். “ஒங்க பாட்டிய ஊரே ‘சீனத்தி’, ‘சீனத்தி’னு கூப்பிட்டதக் கேட்டு வளர்ந்தவ நான். என் பிள்ளைக்கு அது வேணாம்” என்றார். எனக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை.

தோழர்களே, என் பாட்டி பிறப்பால் சீனர். 1950இல் பிறந்தவர். சீன நாட்காட்டியில் அது புலி ஆண்டு. புலி ஆண்டில் பிறந்த பெண் குழந்தை வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை அவர்களிடையே இருந்தது. வறுமையும் இருந்தது. போதாக்குறைக்கு அது அவசரகாலம். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்துப் பிறப்பிக்கப்பட்ட அதே அவசரகாலம்தான். காட்டோரத்தில் குடியிருந்த சீனக் குடும்பங்களை வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு அரசாங்கம் 1950 தொடங்கி மாற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கலக்கத்தில், பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்திடம் பாட்டி கைக்குழந்தையாக வந்து சேர்ந்தார். இப்படி நம் தோட்டங்களில் வளர்ந்த சீனப் பெண்கள் ஏராளம். பூவும் பொட்டும் வைத்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, தீமிதித்து, தமிழரை மணந்து, நம் பாட்டிகளாகவே ஆகிவிட்டவர்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய குடும்பப் படங்களிலும் அப்படி ஒரு முகம் இருக்கலாம்.

அன்றிரவு குட்டி அஞ்சடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கையில் எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி.

“அக்கா, நீங்க அந்தப் படம் முழுசா பாத்தீங்கதானே?”

“ம்.”

“அந்தக் குஞ்சு கோவிச்சிக்கிட்டுப் போயிடுச்சா?”

அத்தைக்குக் கொடுத்த மரியாதையை மீறாமல், அவனுக்கும் பொய் சொல்லாமல் இதற்கு என்ன பதில் சொல்வது? நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு விடை இல்லை. கதையை மட்டும் சொன்னேன். கோபித்துக்கொண்டது உண்மை. ஆனால், அதற்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பதை ரோஸ் நிறுத்தவில்லை. குளிர்காலம் வருமுன் மற்ற வாத்துகளோடு அது பறந்து போனது. பிறகு திரும்பி வந்தது. ரோஸுக்கு ஆபத்து என்றபோது முன்னால் நின்றதும் அந்தக் குஞ்சுதான் என்றேன்.

“திரும்பி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்ப ஏன் அம்மா அடைச்சாங்க?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பதிலை நினைத்துக்கொண்டேதான் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறினேன். பேருந்தில் என் மனத்தில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. ‘குடும்பத்தோடு பார்க்கத் தகுந்ததே’ என்று ஓர் அணி. ‘தகாததே’ என்று மற்றோர் அணி.

தகாது என்போர் பக்கமும் நியாயம் இருந்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கூடு நசுங்கும் காட்சி அச்சமூட்டும். தத்துப்பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. படத்தில் வளர்த்த தாய்தான் பெற்ற தாயின் சாவுக்குக் காரணம், அது விபத்தாகவே இருந்தாலும். இதைப் பார்க்கும் பிள்ளை, தன்னை வளர்த்தவர்களும் பெற்றவளுக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்று எண்ணிவிட்டால்? அந்த விபத்து நடந்திராவிட்டால், நோஞ்சானாகப் பிறந்த குஞ்சு பிழைத்தே இருக்காது என்ற கருத்தும் படத்தில் வருகிறது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால், அதையே ஒரு பிள்ளையிடம் ‘நாங்கள் எடுத்து வளர்க்காவிட்டால் நீ என்ன ஆகியிருப்பாய்’ என்று திருப்பிச் சொன்னால், அது அன்பாக இருக்காது. கடன் சீட்டாகிவிடும்.

தகும் என்போர் பக்கம் எனக்கு நினைவு வந்தது பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய படம். 1966இல் வந்த ‘பெற்றால்தான் பிள்ளையா’. எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்து, கிருஷ்ணன் பஞ்சு இயக்கியது. கைவிடப்பட்ட குழந்தையை ஓர் ஏழை வளர்க்கும் கதை. சார்லி சாப்ளின் 1921இல் எடுத்த ‘தி கிட்’ படத்தின் சாயல் கொண்டது. சிரிப்பும் அழுகையும் கலந்த படம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டியபோது குஞ்சு குளுவான் முதல் கிழவர் வரை எல்லாரும் பார்த்து அழுதார்களாம். குடும்பத்தோடு பார்க்கலாமா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கர்ணன் கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலா இருக்கிறோம்? பிறந்த கதை போர் மூளும் தறுவாயில் தெரிந்ததுதான் அவனுடைய துன்பம். வளர்த்த இராதையை அவன் ஒருநாளும் தள்ளிவைக்கவில்லை. அவனைச் சுட்டது தத்துப்பிள்ளை என்ற உண்மை அன்று. அது வந்த நேரந்தான். தெருக்கூத்திலும் திடலிலும் நாம் தாங்கிக்கொண்ட கதையை ஓர் இயந்திரம் சொன்னால் மட்டும் ஏன் விசையைத் தேடுகிறோம்?

பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு சொன்னவர் நான் அல்லேன்; பாட்டி. அது நடந்தபோது நான் அங்கே இல்லை. அத்தையே பிறகு என்னிடம் சொன்னது இது.

நான் கிளம்பிய இரண்டு வாரம் கழித்து அத்தை பாட்டியைப் பார்க்கப் போயிருக்கிறார். பேச்சு அந்தப் படத்தில் வந்து நின்றது. பாட்டி சொன்னாராம்: “எனக்கு யாரும் வந்து சொல்லல. கண்ணாடி சொல்லிடுச்சு. ஏழு வயசுல கண்ணாடியப் பாத்துட்டுப் போயி எங்கம்மாவக் கேட்டேன். அவ அழுவல, மழுப்பல. ‘நான் ஒன்னப் பெக்கல. தேடிப் போயி வாங்கியாந்தேன்’னு சொன்னா. அதுக்கப்புறம் எவன் சீனத்தினு கூப்பிட்டாலும் எனக்குச் சுட்டதே இல்ல. ஒனக்குத்தான் சுட்டிருக்கு. எனக்கு இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டி இதையும் சொல்லியிருக்கிறார்: “குட்டிக்குக் கண்ணாடி சொல்லாது. நீதான் சொல்லணும். சொல்றப்ப நன்றி மட்டும் கேக்காத.”

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அத்தையும் மாமாவும் குட்டியை நடுவில் உட்கார வைத்துச் சொன்னார்கள். இங்கே சுபம் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால், நடந்தது அப்படி அன்று. குட்டி முதலில் ஒன்றும் பேசவில்லை. “பாட்டி மாதிரியா?” என்று கேட்டான். ஆமாம் என்றார்கள். பெற்றவளின் பெயரைக் கேட்டான். சொன்னார்கள். அதன்பிறகு ஒரு வாரம் போல அம்மாவின் பக்கத்தில் படுக்காமல் தனியாகப் படுத்தான். அந்த ஒரு வாரமும் அத்தை இரவில் எனக்கு அழைத்தார். பெரும்பாலும் எதுவும் பேசவில்லை. அடுத்த முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நானும் வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, குட்டி விசையை எடுத்து வந்து அத்தை மடியில் வைத்தானாம்.

“மா, மிச்சப் படத்தப் பாப்பமா?”

நிறுத்திய இடத்திலிருந்தே போட்டார்களாம். கோபத்தோடு நிற்கும் குஞ்சு, அது பறக்கக் கற்றது, புறப்பட்டுப் போனது, பனிப்புயலில் ரோஸ் எல்லா விலங்குகளையும் காப்பாற்றித் தன் குடிசைக்குள் சேர்த்தது, கடைசியில் பிரிந்தது வரை. முடிவில், நினைவு அழிந்திருக்கும் என்று நாம் நினைக்கும் ரோஸ் தன் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளும் அல்லவா? அந்த இடத்தில் அத்தைதான் சத்தம் போட்டு அழுதாராம். குட்டி முதுகைத் தட்டிக்கொடுத்து, “படந்தானே மா” என்றானாம்.

ஆக, அத்தையின் கேள்விக்கு என் பதில் என்ன? சோகமும் சிரிப்பும் கலந்த இந்த ரோபோ படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா? பார்க்கலாம். குடும்பத்தோடு மட்டுமே பார்க்கவேண்டிய படம் என்றுகூடச் சொல்வேன். பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவதற்கான படம் இது அன்று. கேள்வி வந்தால் பதில் சொல்லும் தூரத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்கும் கீழ் என்றால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். இன்னொன்று, தொடங்கினால் முடித்துவிடுங்கள். குட்டியை அன்று கலங்க வைத்தது படத்திலிருந்த சோகம் அன்று. சோகத்தோடு நின்றுபோன படம்தான். குஞ்சு திரும்பி வரும் என்று படத்துக்குத் தெரிந்திருந்தது. நாங்கள்தான் நம்பவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அதே காக்கைக் கூட்டில்தான் குயில் முட்டையும் பொரிகிறது. இந்தப் பழமொழியைச் சொன்னவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

போன வாரம் அத்தை அழைத்தார். பள்ளி விடுமுறைக்கு ஒரு படம் சொல்லேன் என்றார். நான் 1999இல் வந்த ‘தி அயர்ன் ஜயண்ட்’ என்ற படத்தைச் சொன்னேன். இதுவும் ரோபோ படந்தான், பையனும் இயந்திரமும் நண்பர்கள், சிரிப்பும் உண்டு என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வழக்கமான கேள்வி வரவில்லை.

“அழுவையும் இருக்கா?”

“இருக்கு அத்தை. கடைசியில.”

“சரி. அப்ப பாட்டியையும் கூட்டிக்கிட்டு வந்திடறேன்.”